குழந்தைக்கு அரை

அலுவலகத்தின் நடுவில் நின்றுகொண்டு ரேடியோ வலது கையைக் காதோரம் குவித்தான். கழுத்தை ஆமை போல முன்னுக்கு நீட்டி, கண்ணை உருட்டினான்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரணும். எட்டு மணிக்கு!"

தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டான். மேஜைக்குப் பின்னால் இருந்த மேடம் சிரிக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பொய்யான இழப்பீட்டு மனுக்களைக் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர் மேடம். சிரிப்பை அவ்வளவு சுலபமாகச் செலவழிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தையல்கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து அவர் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தின் ஒரே ஊழியன் ரேடியோ. அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது அவனோடு ஐந்து நிமிடம் இருந்த எல்லோருக்கும் தெரியும். அணைக்கிற பொத்தானே இல்லாத ஜென்மம்.

"போதும். கட்சிக்காரர் படி இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகல."

"எப்பேர்ப்பட்ட கட்சிக்காரர் மேடம்! 'ஒன்றரை'யப் படைச்ச பிரம்மா நம்ம நாற்காலியில உட்கார்ந்துட்டுப் போயிருக்கார். அந்த நாற்காலிய நான் இனிமே துடைக்கவே மாட்டேன்."

"இதுவரைக்கும் துடைச்ச மாதிரிதான்."

அந்த நாவலாசிரியர் பதினோரு நாவல் எழுதியவர். கதாநாயகனை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவனுடைய கார் ஓட்டுநர் 'ஒன்றரை'யைத்தான் ஊரே கொண்டாடியது. எதைச் சொன்னாலும் அதை முழுதாக ஒரு தடவையும், பாதியாக இன்னொரு தடவையும் திருப்பிச் சொல்லும் அசட்டு ஆள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவனைப் போலப் பேசிக் காட்டுவார்கள். ரேடியோ அதில் கைதேர்ந்தவன். கல்யாண வீடு, அச்சகம், பேருந்து நிறுத்தம் என்று கேட்ட இடத்திலெல்லாம் செய்து காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறான்.

இன்று காலை வந்த நாவலாசிரியரிடம் வெட்கமே இல்லாமல் கையெழுத்தும் கேட்டான். அவர் ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதி, மடித்து, அவன் சட்டைப் பையில் செருகினார். பெண்டாட்டி முன்னால்தான் பிரிப்பேன் என்று ரேடியோ அதைத் தொடாமல் வைத்திருந்தான்.

வந்த காரியம் வேறு. வாரப் பத்திரிகையில் அவர் எழுதிய புதுத் தொடர்கதை இன்று மாலை புத்தகமாக அச்சேறுகிறது. கடைசி ஒரு மாதத்தில் அவருக்கு மூன்று மொட்டைக் கடிதங்கள். மேடம் அவற்றை வரிசையாகப் பரப்பினார்.

'குழந்தைக்கு ஒன்று அல்ல. அரை.'

'ஒரு தடவை நடந்தது போதும். திருத்தவும்.'

'புத்தகம் ஆவதற்குள் திருத்தவும். பிறகு வருவதற்கு நீங்களே பொறுப்பு.'

"பேரை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. மீதியைப் போலீஸ்ல நான் பார்த்துக்கறேன்" என்று கடிதங்களைக் கொடுக்கும்போது நாவலாசிரியர் சொல்லியிருந்தார். அர்த்தம் ஏதாவது புரிகிறதா என்று மேடம் கேட்டதற்கு, ஒன்றும் புரியவில்லை, எழுத வருவதற்கு முன்னால் தான் ஒரு சாதாரணப் பள்ளிக்கூட வாத்தியார், யாரோடும் பகையில்லை என்றார். சொல்லும்போது நெற்றியை இரண்டு முறை துடைத்துக்கொண்டார். அறையில் மின்விசிறி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

"மிரட்டல்தான் மேடம். சந்தேகமே இல்ல" என்றான் ரேடியோ.

"மிரட்டறவன் எதையாவது கேப்பான். இதுல என்ன கேட்டிருக்கான்?"

"திருத்தச் சொல்றான்."

"எதை?"

மேடம் முதல் கடிதத்தை எடுத்தார். உறை கிடையாது, பசை கிடையாது. தாளில் இருந்த மடிப்புத் தடங்களின்மேலேயே விரலை ஓட்டி மறுபடி மடித்தார். நீளவாட்டில் இரண்டு ஓரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வைத்து, இரு முனைகளையும் உள்ளே மடக்கி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினார். விரல் நீளத்துக்குத் தட்டையான ஒரு பொட்டலம் வந்தது. அதைக் குலுக்கினார்.

"இதுக்குள்ள பொடி இருந்தா ஒரு துளி கீழ கொட்டாது. யாரு இப்படி மடிப்பாங்க?"

"பொடி… மருந்துப் பொடி. கம்பவுண்டர்!"

"நீ அந்த ஆளோட பதினோரு நாவலையும் கரைச்சுக் குடிச்சவனாச்சே. ஒன்றரை கார் ஓட்ட வர்றதுக்கு முன்னால என்ன வேலை பார்த்தான்?"

ரேடியோ வாயைத் திறந்தான். அது அப்படியே நின்றது. முதல் நாவலின் முதல் அத்தியாயத்தில் ஒன்றரை ஒரு மருத்துவமனைக் கம்பவுண்டர். ஒரு குழந்தைக்கு அரைப் பொட்டலம் கொடுக்க வேண்டிய இடத்தில் முழுப் பொட்டலம் கொடுத்து, குழந்தை இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து, அவனை அடித்து விரட்டுவார்கள். அந்த இடத்தில் ரேடியோ ஒவ்வொரு முறையும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறான்.

"அப்போ ஒன்றரைன்னு நிஜமாவே ஒருத்தர் இருக்காரா மேடம்?"

"செருப்பை மாட்டு."

இந்தக் காலத்தில் எல்லா மாத்திரையும் அட்டையில் வருகிறது. பொடி கலந்து தாளில் மடித்துக் கொடுக்கும் இடம் ஊரில் மூன்றுதான் மிச்சம். முதலாவதில் பிளாஸ்டிக் உறைக்கு மாறிவிட்டார்கள். இரண்டாவதில் கம்பவுண்டர் வேலையையே எடுத்துவிட்டு ஒரு கணினியை வைத்திருந்தார்கள். "கணினிக்கு மடிக்கத் தெரியாது, தள்ளுபடி" என்றான் ரேடியோ. மூன்றாவது, கூரை ஓடு பாதி மாற்றப்பட்ட ஒரு பழைய சிறிய மருத்துவமனை.

அங்கே மருந்து கொடுக்கும் இடத்தில் இரண்டு ஜன்னல். இரண்டிலும் கண்ணாடி, கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு அரைவட்ட ஓட்டை. ஒரு ஜன்னலில் பதினைந்து பேர் நின்றார்கள். மற்றதில் இரண்டே பேர்.

"குறைஞ்ச வரிசைதான் மேடம் நமக்கு. அதிர்ஷ்டம்."

"அது ஏன் குறைஞ்சிருக்குன்னு பாரு."

ரேடியோ பார்க்கவில்லை. அவன் மூளையில் ஒரு யோசனை உதித்திருந்தது. ஆள் உள்ளே இருந்தால், ஒன்றரையைப் போலச் செய்து காட்டினால் திடுக்கிட்டுத் தன்னைக் காட்டிக்கொள்வான் அல்லவா? மேடம் தடுப்பதற்குள் அவன் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று வலது கையைக் காதில் குவித்தான்.

"இருமலுக்கு மருந்து வேணும். மருந்து வேணும்!"

நீண்ட வரிசையில் குபீரென்று சிரிப்பு எழுந்தது. ஒரு பள்ளிப் பையன் அவனும் கையைக் காதில் வைத்தான். உற்சாகத்தில் ரேடியோ கழுத்தை இன்னும் நீட்டி, கண்ணை இன்னும் உருட்டி, இன்னொரு தடவை செய்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் தலை நிமிர்ந்தார். வெள்ளைச் சட்டையின் காலர் தேய்ந்திருந்தது. திடுக்கிடவில்லை. கோபப்படவும் இல்லை.

"நல்லா பண்றீங்க தம்பி. ஆனா இடது கை."

"என்னது?"

"ஒன்றரை இடது கையத்தான் காதுல வைப்பாரு. வலது கையில தராசு இருக்குமில்ல?"

சொல்லிவிட்டு அவர் இடது கையைக் காதில் குவித்து, குனிந்து, ஓட்டைக்கு நேராகத் தலையை நீட்டினார். அந்தக் கண்ணாடியும் அந்த இரைச்சலும் இருக்கும் இடத்தில் வேறு எப்படியும் நின்று கேட்க முடியாது. வரிசையில் முன்னால் நின்ற பாட்டிக்காக அப்படி நின்றார்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாட்டுக்குப் பிறகு."

முழுதாக ஒரு தடவை. முக்கியமானது மட்டும் இன்னொரு தடவை. பாட்டி தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

ரேடியோவின் கை இன்னும் காதிலேயே இருந்தது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எத்தனை கல்யாண வீடு, எத்தனை கைதட்டு! அத்தனையும் இந்த மனிதரின் முகத்தில் துப்பியதற்குக் கிடைத்த கைதட்டு என்று தோன்றியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. பின்னால் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண் அந்த ஜன்னலுக்கு வந்தாள். உள்ளே யாரென்று பார்த்தாள். "இருக்கட்டும்" என்று முனகிவிட்டு, பதினைந்து பேருக்குப் பின்னால் போய்ப் பதினாறாவதாக நின்றாள். அப்போதுதான் ரேடியோவுக்கு வரிசை குறைந்ததன் காரணம் புரிந்தது. கதையில் அளவு தப்பிய கம்பவுண்டர் கையால் மருந்து வாங்கப் பலருக்குப் பயம்.

மேடம் போன இடமெல்லாம் தண்ணீர் கேட்பார். தண்ணீர் கொண்டு வரும் கையிலிருந்து பாதி உண்மை தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. இங்கேயும் கேட்டார். கம்பவுண்டர் அவர்களைப் பக்கத்து மருந்து அறைக்குள் கூப்பிட்டு, மூடி வைத்த பானையிலிருந்து இரண்டு தம்ளர் கொடுத்தார். மேடம் மூன்று கடிதங்களையும் மேஜையில் வைத்தார். கம்பவுண்டர் பொய் சொல்லப் போகிறார் என்று ரேடியோ எதிர்பார்த்தான். சொல்ல மாட்டாரா என்று உள்ளூர வேண்டிக்கொண்டான் என்பதே சரி.

கம்பவுண்டரின் முகம் மலர்ந்தது.

"கிடைச்சுதா? நல்லவேளை! பதிலே வரலியேன்னு பார்த்தேன். திருத்திட்டாரா?"

"எதைங்க?" என்றார் மேடம்.

"மூணாவது வாரத்துக் கதையில ஒன்றரை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் பொடி கொடுக்கறான் இல்லையா? பொடி பேரைப் போட்டு, முழுப் பொட்டலத்தையும் கொடுத்தான், குழந்தை எழுந்து விளையாடுச்சுன்னு எழுதியிருக்கார். அது பெரியவங்க அளவும்மா. அந்தப் பொடி பாதி வீட்டுல அலமாரியில கிடக்கு. ஒன்றரை சொன்னா ஊரே கேக்குமே. யாராவது ஒரு தாய் படிச்சுட்டு அப்படியே கொடுத்தா? பத்திரிகையாவது பழைய தாளாப் போயிடும். புத்தகம்னா வீட்டுல நிக்கும்."

ரேடியோவும் அந்த வாரம் படித்தான். அந்த இடத்தில் சிரிக்கவும் செய்தான். அவன் வீட்டு அலமாரியிலும் அந்தப் பொடி இருந்தது. அவனுக்கும் இரண்டு வயதில் மகள் இருந்தாள்.

"கையெழுத்துப் போட்டிருக்கலாமே" என்று மட்டும் கேட்டான். குரல் அவனுக்கே அடையாளம் தெரியாமல் சின்னதாக வந்தது.

"பொட்டலத்துல யாருக்குன்னு எழுதுவோம், எப்படிச் சாப்பிடணும்னு எழுதுவோம். மடிச்சவன் பேரு எழுதற வழக்கம் இல்லையே தம்பி."

மேடம் தம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு தடவை நடந்தது போதும்னு எழுதியிருக்கீங்க. அது எப்போ நடந்தது?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இதே மேஜைதான். ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து…" கம்பவுண்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "குழந்தை பிழைச்சுக்கிச்சும்மா. இப்போ அதுக்கே ரெண்டு பிள்ளைங்க. அன்னையிலேர்ந்துதான் நான் எதையும் ஒண்ணரைத் தடவை சொல்ல ஆரம்பிச்சேன்."

"எதிர்ல உட்கார்ந்திருந்தது யாரு?"

"நல்ல சிநேகிதன். இப்பவும் அவன் எழுதினது ஒண்ணு விடாம படிக்கறேன்."

"அன்னைக்கு அந்தப் பொட்டலத்தை மடிச்சது யாரு? நீங்களா, அவரா?"

கம்பவுண்டர் காலித் தம்ளர்களை எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் சொன்னேனேம்மா. மடிச்சவன் பேரு எழுதற வழக்கம் இல்லை."

வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகும் ரேடியோ பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று மேடம் கேட்கும் அளவுக்குப் பேசவில்லை.

"அவர் வாயால சொல்லல. ஆனா எதிரெதிரா உட்கார்ந்தது சிநேகிதன், சிநேகிதன்தான் எழுத்தாளர்" என்றார் மேடம். "வாத்தியாரா இருந்தேன்னு நம்மகிட்ட சொன்னாரே, அது?"

"அவர் மேல சந்தேகப்பட அத்தாட்சி வேணுமே மேடம்."

"இருக்கு. காலையிலேர்ந்து உன் சட்டைப் பையில இருக்கு."

ரேடியோ கையெழுத்துத் தாளை எடுத்தான். விரல் நீளத்துக்குத் தட்டையான பொட்டலம். முனைக்குள் முனை செருகியிருந்தது.

மதியம் மூன்று மணிக்கு நாவலாசிரியர் தன் வீட்டுப் படிப்பறையில் அச்சுக்குப் போகிற கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "பேரு கிடைச்சுதா?" என்று எழுந்தே விட்டார். மேடம் உட்காரச் சொன்னார். கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் ரேடியோ தன் பொட்டலத்தை வைத்தான். இரண்டுக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே மடிப்பு.

"எந்தப் பள்ளிக்கூடத்துல சார் இப்படி மடிக்கச் சொல்லிக் கொடுக்கறாங்க?"

நாவலாசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை. மேடம் கம்பவுண்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். காய்ச்சல் பொடி, பாதி வீட்டு அலமாரி, படித்துவிட்டுக் கொடுக்கப் போகும் ஒரு தாய். மிரட்டல் என்று அவர் நினைத்தது வெறும் அளவுத் திருத்தம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருடைய நெஞ்சு ஒரு மாதமாக ஊளையிட்டிருக்கிறது.

அவர் முதலில் தொலைபேசியை எடுத்தார். அந்த மட்டில் பாராட்ட வேண்டும். அச்சகத்தில் இருந்தவரிடம் பக்க எண் சொல்லி, "முழுப் பொட்டலம் இல்ல. குழந்தைக்கு அரை. பொடியோட பேரையும் எடுத்துடுங்க" என்றார். வைத்துவிட்டுக் கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டார்.

"நான்தான் மடிச்சேன்" என்றார். "மேஜைக்கடியில ஒரு கதை எழுதிக்கிட்டே மடிச்சேன். நான் சேர்ந்து ஆறு மாசம்தான். தப்பு பண்ணா வேலை போயிடும். அவன் நிரந்தரம். டாக்டர் வந்து யாருன்னு கேட்டப்போ அவன் எழுந்து நின்னுட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இத்தனை வருஷம் வாய் திறக்காதவன் கடிதம் போடுவான்னு தோணல, வேற யாரோ தெரிஞ்சுக்கிட்டு மிரட்டறாங்கன்னு நினைச்சேன்."

"அதோட விட்டிருக்கலாமே சார்" என்றான் ரேடியோ. "ஏன் எழுதினீங்க?"

"அவன் மேலேயே எழுதிட்டா, அது நான் இல்லைன்னு எனக்கே பழகிப்போயிடும்னு நினைச்சேன். அவன் ஒத்துக்கிட்டது அந்த அறையோட போயிருக்கும். நான் ஊருக்கே அச்சடிச்சுக் கொடுத்தேன். அவன் நிக்கறது, கேக்கறது, பேசறது எல்லாத்தையும் போட்டு, அடையாளம் தெரியற மாதிரி." அவர் நிமிரவில்லை. "என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"நல்ல சிநேகிதன்னு சொன்னார்" என்றார் மேடம்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ரேடியோவுக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்வையைத் திருப்பவும் முடியவில்லை.

"நான் பெயரைச் சொல்லியாச்சு, என் வேலை முடிஞ்சுது" என்று மேடம் எழுந்தார். "மருந்து ஜன்னல் மறுபடி நாலு மணிக்குத் திறக்கும்."

நாவலாசிரியர் வாசல்வரை வந்து செருப்பைப் போட்டார். கழற்றினார். "எந்த முகத்தோட அவன் முன்னால போய் நிக்கறது?"

"நானும் வரேன் சார்" என்றான் ரேடியோ. "அந்த ஜன்னல்ல நானும் காலையில ஒரு அசிங்கம் பண்ணிட்டு வந்திருக்கேன். ரெண்டு பேரா போனா கால் கொஞ்சம் நகரும்."

நாலு மணிக்கும் அதே கதைதான். ஒரு ஜன்னலில் கூட்டம், மற்றதில் யாருமில்லை. காலையில் முறை வருவதற்குள் ஜன்னல் மூடியதால் பலர் திரும்பி வந்திருந்தார்கள். காலையில் சிரித்தவர்களில் சிலர் ரேடியோவை அடையாளம் கண்டு, மறுபடி ஏதோ வேடிக்கை என்று திரும்பினார்கள். பள்ளிப் பையன் கையைத் தயாராகக் காதருகே கொண்டு போனான். "வேண்டாம்பா" என்றான் ரேடியோ. பிறகு கண்ணாடிக்கு நேராகக் குனிந்து, "காலையில நான் பண்ணினது தப்புங்கய்யா. மன்னிச்சுக்கோங்க" என்றான். கம்பவுண்டர் பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தார். அப்புறம்தான் அவன் பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"அரைதானே?" என்று கேட்டார். முதல் வார்த்தையே அதுதான்.

"அரை. திருத்திட்டேன்."

"சரி" என்று கம்பவுண்டர் பெருமூச்சு விட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தராசை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

நாவலாசிரியர் நகரவில்லை. ஓட்டையை நோக்கிக் குனிந்து, மெதுவாக, "அன்னைக்கு அந்தக் குழந்தைக்கு மடிச்சது நான்" என்றார்.

கம்பவுண்டர் இடது கையைக் காதில் குவித்தார். கழுத்தை நீட்டினார்.

"சத்தமா. கண்ணாடி இருக்கில்ல?"

பக்கத்து வரிசை இந்த முறை சிரிக்கவில்லை. என்னவோ நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலையில் பதினாறாவதாக நின்ற பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் முன்னால அந்தக் குழந்தைக்கு அளவு தப்பா மடிச்சது நான். இவர் இல்ல. கதையில நான் பொய் எழுதினேன்."

அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. கம்பவுண்டர் தராசைக் கீழே வைத்தார். மறுத்துவிடுவாரோ, சிரித்து மழுப்பிவிடுவாரோ என்று ரேடியோ பயந்தான். ஆனால் இந்த ஜன்னலில் எது சொல்லப்பட்டாலும் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"அன்னைக்கு அந்தக் குழந்தைக்கு மடிச்சது நீ" என்றார் கம்பவுண்டர். "மடிச்சது நீ. சரிதானே?"

"சரி."

கம்பவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரும்மா?" என்றார். குழந்தையோடு நின்ற பெண் வரிசையை விட்டு வந்து, ஓட்டை வழியாகத் தன் மருந்துச் சீட்டை நீட்டினாள்.